லோடு ஏற்றியவன்

அன்றைய சட்டினியில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் என் மனைவி முருகம்மாள் இன்னொரு தேங்காய் மூடியைத் துருவ உட்கார்ந்துவிடுவாள், வேன் போய்விடும். அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் முதல் வேன் எங்கள் தெருமுனைக்கு ஐந்தே முக்காலுக்கு வரும். முந்தைய வாரம் வரை அவள் ஏழரை வேனில் போய்க்கொண்டிருந்தவள். திரி வெட்டுகிறவர்களுக்கு ஏழரை போதும். மருந்து கலக்குகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும், அதனால் அவர்களுக்கு முதல் வேன்.

"தட்டத் தண்ணியில போட்ருங்க. காஞ்சா ஒட்டிக்கிரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நான் தட்டைத் தண்ணீரில் போட்டேன். அது 2006, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

மூன்று வருடம் கழித்து இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் மையத்தின் செயலாளர் ஆண்டிச்சாமி அண்ணாச்சி போன வாரம் என்னைக் கூப்பிட்டார். சாத்தூரிலும் விருதுநகரிலும் எங்களுடையதைப் போலவே மையம் தொடங்குகிறார்களாம். எங்கள் கம்ப்யூட்டர் ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அதில் மொத்தமாக ஏற்றும் வசதியை மட்டும் யார் யாரிடம் கொடுக்கலாம் என்று ஒரு குறிப்பு வேண்டுமாம். "ஒங்கள விட்டா இத யாரு எழுத முடியும்? பட்டவுக நீங்க" என்றார். நியாயமான பேச்சு. குறிப்பை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இதை எழுதிவிடுவது ஒழுங்கு என்று பட்டது.

மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விஸ்வநத்தம் பக்கம் இரண்டு அறை, ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டகை. முப்பத்தெட்டு சின்னக் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். மருந்து அறைக்குள் போகிற ஆண் பெண் எல்லோரும் எங்களிடம் மூன்று நாள் பயிற்சி எடுத்து, பரீட்சையில் தேறி, மஞ்சள் அட்டை வாங்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை மறுபடி தேற வேண்டும். மஞ்சள் அட்டை இல்லாத ஆளைப் போர்மேன் மருந்து அறைக்குள் விடமாட்டார். இது அரசாங்கச் சட்டமல்ல, எங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆனால் கட்டுப்பாடாகவே இருந்தது. அது வந்த பிறகு இரண்டு சீசன் ஒரு சாவு இல்லாமல் போயின.

பரீட்சை நடத்தியவள் பாண்டிலட்சுமி. மல்லாங்கிணற்றுக்காரி. ஒன்பது வருடம் மருந்து அறையில் இருந்து, ஒரு கொப்புளம்கூட இல்லாமல் வெளியே வந்தவள். பரீட்சைக்கு மருந்துக்குப் பதில் கோலப்பொடி. தொழிலாளி வளையலைக் கழற்ற வேண்டும், வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உட்கார்ந்து கோலப்பொடியைச் சல்லடையில் அரிக்க வேண்டும். அவள் கன்னத்தைச் சல்லடைப் பக்கம் சாய்த்து, சத்தத்தைக் கேட்பாள். உரசினால் மருந்து பற்றிக்கொள்ளும், அதனால் உரசுகிற சத்தம் கேட்டால் நோட்டில் ஒரு பெருக்கல் குறி. கெஞ்சினாலும் மாற்றமாட்டாள்.

நான் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு. விருதுநகரில் பி.காம். படித்தேன். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி. என் அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனார்கள். மழை பொய்த்தபின் தீப்பெட்டிக்குப் போனார்கள். முருகம்மாள் வீட்டிலும் அதே கதைதான். குளிர்சாதனம் போட்ட அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் தவறு செய்யக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது, அதற்காகச் சொல்கிறேன்.

வழக்கமாக ஒவ்வொரு ஆளையும் எதிரே உட்கார வைத்து, படம் பிடித்து, முடிவைப் பதிந்து, அட்டையைக் கையில் கொடுப்போம். ஆளுக்கு ஏழு நிமிடம் ஆகும். மென்பொருளை எழுதிக் கொடுத்த மதுரைக்காரர்கள் பழைய பதிவேடுகளை உள்ளே கொண்டுவருவதற்காக இன்னொரு வசதியும் வைத்திருந்தார்கள். ஒரு பட்டியலை அப்படியே கொடுத்தால், அதில் இருப்பதெல்லாம் ஒரே அழுத்தலில் உள்ளே போய்விடும். ஆயிரம் பேரானாலும் இரண்டு நிமிடம். ஏற்கெனவே உள்ளே இருப்பதன் மேல் புதியது உட்கார்ந்துகொள்ளும். பழையது இருந்த தடம் இருக்காது. எங்கள் ஆட்கள் அதை "லோடு" என்பார்கள். "லோடு ஏத்தியாச்சா அண்ணே?"

அந்த அனுமதி என் ஒருவனிடம் மட்டும் இருந்தது. அப்படி வைக்கச் சொன்னது நான்தான்.

ஆனி மாதக் கூட்டத்தில் பாண்டிலட்சுமி அதைப் பற்றிப் பேசினாள். "அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீக. லோடு ஏத்துற லாரிக்கே ஒரு டிரைவரு, ஒரு கிளீனரு வேணும். பின்னால நின்னு பாத்து, ரைட் ரைட்டுன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல. நீங்க ஏத்துங்க. ஏத்துறதுக்கு முன்னால நோட்ட வச்சு நான் ஒரு தடவ சரி பாத்துச் சொல்லுதேன். நான் சொன்னாத்தான் ஏறணும்."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "ஏத்தா, கம்ப்யூட்டருக்குக் கிளீனரா? நல்லாயிருக்கே."

"சிரிக்காதீக அண்ணாச்சி. பின்னால பாக்காம எடுத்த லாரி எத்தன செவத்துல நிக்கிதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க லாரியே நின்னுச்சுல்ல."

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்: "பொறுப்புன்னா ஒரு ஆளுகிட்டதான் இருக்கணும். ரெண்டு பேருன்னா, அவுக பாத்திருப்பாகன்னு இவுகளும், இவுக பாத்திருப்பாகன்னு அவுகளும் விட்ருவாக. தப்பு நடந்தா யாரக் கேக்குறது? இங்கன என்னக் கேக்கலாம்." அண்ணாச்சி தலையாட்டினார். நான் சொன்னபடியே தீர்மானம் எழுதினார்கள். பாண்டிலட்சுமி அனுமதி கேட்டதாகவும் அது மறுக்கப்பட்டதாகவும் கூட்டப் பதிவில் ஒரு வரி இருக்கிறது.

அந்த வருடம் ஆர்டர் அதிகம். அறுநூற்றுப் பதினோரு பேருக்கு அட்டை புதுப்பிக்க வேண்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் தினமும் போன் செய்தார்கள். எதிரே உட்கார வைத்துப் பதிவது நடக்காத காரியம் என்று நான் முடிவு செய்தேன். பாண்டிலட்சுமி பதினெட்டு நாளில் எல்லோருக்கும் பரீட்சை முடித்தாள். முடிவுகளை நோட்டிலிருந்து அவளே பட்டியலாகத் தட்டினாள். எண்பத்து மூன்று பேர் தேறவில்லை. அவர்களில் முருகம்மாளும் ஒருத்தி.

முருகம்மாளே அதை வீட்டில் சொல்லிச் சிரித்தாள். "ஒங்க பாண்டிலட்சுமி என்னயப் பாத்து, 'மதினி, நீங்க அரிக்கல, அரைக்கீக, இட்லிக்கா மாவு கேட்டாக'ன்னு சொல்லுதா. பெரிய இவ." அவள் கைக்கு அழுத்தம் அதிகம். பாத்திரம் தேய்த்தால் பூச்சு போய்விடும். திரி வெட்டுவதற்கு அந்தக் கை நல்ல கை. சல்லடைக்கு ஆகாது. இருந்தாலும் அவளுக்கு மஞ்சள் அட்டை மேல் ஆசை. மருந்து அறைக்காரி என்றால் போர்மேன்கூட வாங்க போங்க என்பார். திரி வெட்டுகிறவளை ஏட்டி என்பார்.

பட்டியலை என்னிடம் கொடுத்துவிட்டு, அக்காள் பிரசவத்துக்காக பாண்டிலட்சுமி மல்லாங்கிணறு போனாள். இரண்டு வார விடுப்பு. "ஏத்துறதுக்கு முன்னால நோட்டோட ஒருக்கா பாத்துருங்கண்ணே" என்று நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் பட்டியல் பரீட்சை நடந்த வரிசையில் இருந்தது. பார்க்க ஒழுங்காக இல்லை. கம்பெனிக்காரர்கள் பெயர் தேடச் சிரமப்படுவார்கள். எங்கள் பக்கம் முத்துப்பேச்சி என்று கூப்பிட்டால் ஒன்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பெயர், புருஷன் அல்லது தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதுவது எங்கள் வழக்கம். ஒரே கட்டம் என்பதால், அந்த ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசையில் அடுக்கச் சொன்னேன். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அடுக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். பெயர்கள் அழகாக வரிசைக்கு வந்தன. தேறியது, தேறாதது என்ற பக்கத்துப் பத்தி அசையாமல் அங்கேயே நின்றது. ஒருவர் முடிவு இன்னொருவர் பெயருக்கு நேரே வந்துவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. அவள் பட்டியலின் மேலேயே அதைச் சேமித்தேன். நோட்டைத் திறக்கவில்லை. லோடு ஏற்றினேன். அட்டைகள் அன்று மாலையே கம்பெனிகளுக்குப் போயின.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். இருபது வருடக் கைக்காரர். "தம்பி, எனக்குக் கோலப்பொடி அரிக்கத் தெரியலைங்கிறீகளாக்கும்? எங்கன வச்சு அரிக்கணும்னு நீங்களே சொல்லித் தாங்களேன்." கேலியாகத்தான் கேட்டார், ஆனால் கண் கலங்கியிருந்தது. நோட்டைத் திறந்து பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே தேறிய குறி. பட்டியலைத் திறந்தேன். ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

அடுத்ததாக முருகம்மாள் பெயரைப் பார்த்தேன். தேர்ச்சி.

அன்று உட்கார்ந்து நோட்டையும் பட்டியலையும் ஒத்துப் பார்த்தேன். தேறாதவர்கள் எழுபத்தொரு பேர் கையில் மஞ்சள் அட்டை இருந்தது. தேறியவர்கள் எழுபத்தொரு பேருக்கு அட்டை போகவில்லை. அட்டை கிடைக்காதவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். பிரிண்டர் கோளாறு என்று சொல்லி உடனே கொடுத்து அனுப்பினேன். அட்டை கிடைத்தவர்கள் யாரும் வந்து கேட்கவில்லை.

எழுபத்தொரு அட்டையைத் திரும்ப வாங்கியிருக்கலாம். அதற்கு முப்பத்தெட்டுக் கம்பெனிக்கும் போன் செய்ய வேண்டும். சீசன் நடுவில் மருந்து அறைகள் மூன்று நாளாவது நிற்கும். அண்ணாச்சியிடம் காரணம் சொல்ல வேண்டும். ஆனிக் கூட்டத்தில் என்ன பேசினேன் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும். பாண்டிலட்சுமிக்கும் இருக்கும். அவள் கேலி செய்யமாட்டாள், அது எனக்குத் தெரியும். "பரவால்லண்ணே, இனிமே ரெண்டு பேரும் பாப்போம்" என்பாள். அதைத்தான் என்னால் யோசித்துப் பார்க்க முடியவில்லை.

சீசன் முடியட்டும், ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இன்றைக்கும் அது அவசரத்தில் எடுத்த முடிவு என்று சொல்லமாட்டேன். நன்றாக யோசித்து எடுத்த முடிவு.

அன்று வீட்டுக்குப் போனபோது முருகம்மாள் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஊக்கில் மாட்டிக்கொண்டிருந்தாள். "பாத்தீகளா? பயங்காட்டிப்போட்டு, பாஸ் போட்ருக்கா கள்ளி. வரட்டும் மல்லாங்கிணத்துல இருந்து, ஒரு கும்பா கூழ் ஊத்தணும் அவளுக்கு."

"நல்லது" என்றேன்.

"என்ன நல்லது? சந்தோசமாச் சொல்றதுக்கென்ன?"

"சந்தோசந்தான்."

அவளிடம் மட்டும் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதை யோசித்தேன். சொன்னால் அவள் மனதில் நிற்காது, பாண்டிலட்சுமி வந்த அன்றே வெளியே வந்துவிடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. எழுபத்தொரு பேரில் என் மனைவியை மட்டும் எடுத்துவிட்டால் மற்ற எழுபது பேருக்கு என்ன பதில்? பொறுப்பில் இருக்கிறவன் தன் வீட்டாளுக்கு ஒரு சட்டம், ஊராருக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த நேர்மையை நான் காப்பாற்றினேன். எட்டு நாள் காலை ஐந்தரைக்கு அவள் தலை சீவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு காப்பாற்றினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணி வாக்கில் மையத்துக்குப் போன் வந்தது. அச்சங்குளம். மருந்து அறையில் இரண்டு பேர், பக்கத்து அறையில் மூன்று பேர். மருந்து அறையில் இருந்தது பஞ்சம்மாள் என்ற பெண்ணும் என் மனைவியும். இருவரையும் சிவகாசிக்குக் கொண்டுபோகிறார்கள், உசுரு இருக்கு, வெரசா வாங்க என்றார்கள்.

நான் வெரசாகப் புறப்பட்டிருக்கலாம். ஆனால் விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் அட்டைப் பதிவைத்தான் பார்ப்பார்கள் என்று தெரியும். பதிவில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே "பதிந்தவர்" என்று ஒரு கட்டம் உண்டு. அறுநூற்றுப் பதினோரு கட்டத்திலும் என் பெயர் இருந்தது. பட்டியலை வெளியே எடுத்தேன். அந்தப் பத்தி முழுவதும் பாண்டிலட்சுமி என்று நிரப்பினேன். மறுபடி லோடு ஏற்றினேன். பொய் என்று சொல்ல முடியாது. தட்டியது அவள்தானே. மின்சாரம் ஒரு முறை போய் வந்ததால் எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம் ஆனது. நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"இப்பத்தாண்ணே, பத்து நிமிசம் இருக்கும்" என்றாள் அங்கே நின்ற நர்ஸ். "அதுவரைக்கும் பேச்சு இருந்துச்சு. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக."

பஞ்சம்மாள் சாயங்காலம் போனாள். பக்கத்து அறைக்காரர்கள் மூவரும் அங்கேயே முடிந்திருந்தார்கள்.

துட்டி கேட்க வந்தவர்களுக்கு டீ போட, வீட்டுக்கு வெளியே செங்கல் கூட்டி அடுப்பு வைத்திருந்தார்கள். விறகு ஈரம், பற்றவில்லை. நோட்டைக் கிழித்து நானே பற்ற வைத்துக் கொடுத்தேன். பொண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு அடுப்பு மூட்டுகிறானே என்று பெண்கள் அழுதார்கள்.

பாண்டிலட்சுமி மல்லாங்கிணற்றிலிருந்து தலைவிரிகோலமாக வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, மதினிக்கு நான் பெருக்கல்தாண்ணே போட்டேன். அரைக்கீகன்னு சொன்னேனேண்ணே. எப்பிடிண்ணே அட்ட வந்துச்சு?"

"நோட்டுல போட்ருப்ப ஆத்தா" என்றேன். "தட்டும்போது வரிச மாறிருக்கும். அம்புட்டுப் பேர ஒத்தையாத் தட்டுன. பிரசவத்துக்குப் போற அவசரம் வேற. நீ குடுத்தத நான் அப்படியே ஏத்துனேன்."

"நோட்டப் பாக்கச் சொன்னேனேண்ணே."

"நோட்ட நீ கையோட கொண்டு போனேல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வி போய்விட்டது. மேசையில் வைத்தோமா, பையில் வைத்தோமா என்று அவள் தேடுவது தெரிந்தது. பிறகு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணையில் அவள் மறுக்கவில்லை. கம்ப்யூட்டரில் அவள் பெயர் அறுநூற்றுப் பதினோரு தடவை இருந்தது. அவள் தட்டிய பட்டியலிலேயே பெயரும் முடிவும் மாறிக் கிடந்தன. "ஏங் கைதான் தப்பிருச்சு போல" என்று எழுதிக் கொடுத்தாள். நாற்பது நாள் உள்ளே இருந்தாள். அச்சங்குளத்தில் செத்தவர்கள் வீட்டுப் பெண்கள் நீதிமன்ற வாசலில் அவள் மேல் மண் வாரித் தூற்றினார்கள். அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "அன்னைக்கி அவ கேட்டப்ப அந்த வசதியக் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? நல்லவேள, நீங்க உறுதியா நின்னீக."

ஒவ்வொரு கம்பெனியிலும் போர்மேன்களே எல்லோரையும் மறுபடி அரிக்க வைத்துப் பார்த்து, மற்ற எழுபது அட்டைகளையும் அந்த வாரமே திரும்ப வாங்கிவிட்டார்கள். மூன்று நாள் மருந்து அறைகள் நின்றன. யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது பாண்டிலட்சுமி மல்லாங்கிணற்றில் தம்பி வீட்டில் இருக்கிறாள். பருத்தி எடுக்கப் போகிறாள். எழுத்து வேலை எதையும் தொடுவதில்லை, நூறு ரூபாய்த் தாளைக்கூட மூன்று முறை திருப்பிப் பார்த்துத்தான் கொடுக்கிறாள் என்று தம்பி சொன்னான். முருகம்மாளின் திதிக்கு வருடா வருடம் வருகிறாள். படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடுகிறாள். போன திதிக்கு வந்தபோது, "நீங்க ஒருத்தராவது என்கிட்ட மொகங்குடுத்துப் பேசுறீகளேண்ணே, அதுக்குத்தான் வாரேன்" என்றாள். சாப்பிட்டுப் போ என்று இலை போட்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எப்போதோ மன்னித்துவிட்டேன்.

குறிப்பை நேற்று முடித்துக் கொடுத்தேன், ஒரே பக்கம். இப்படிப்பட்ட கருவி அவசரக்காரர் கையிலும், கவனம் சிதறுகிறவர் கையிலும் இருக்கக் கூடாது. பலரிடம் பங்கு போட்டுக் கொடுக்கவும் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒருவர், நிதானமானவர், இழப்பின் வலி தெரிந்தவர் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாத்தூருக்கும் விருதுநகருக்கும் பொருத்தமான ஆள் கிடைக்கும்வரை அந்த இரண்டையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

இந்தத் தாள்களை யாரிடம் கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. யோசித்துப் பார்த்தால், பொறுப்பாகப் படிக்கக்கூடியவர் என்று ஒருவரும் கண்ணில் படவில்லை. அதுவரை என்னிடமே இருக்கட்டும்.

சற்று முன்னால் அனுமதிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மொத்தமாக ஏற்றும் அனுமதி பெற்றவர்கள்: ஒருவர்.